செம்பில் களிம்பு: தந்திரம் என்றால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் வகுப்பு எடுக்கிறேன். கீற்றுக்கொட்டகை, நாலைந்து கோரைப்பாய், ஒரு குத்துவிளக்கு, ஒரு செம்புச் சொம்பு, பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு. அந்தத் தகட்டின் கதையைப் பின்னால் சொல்கிறேன். மற்ற ஆறு நாளும் கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்ட் டவுனில், என் வீட்டில் உட்கார்ந்து மர்ம நாவல் எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "தந்திரம்னா என்னம்மா?" என்பது ஒன்று. "சாமி விஷயத்தையும் சொல்லிக்குடுத்து, கொலைக் கதையும் எப்படிம்மா எழுதுறீங்க?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் இரண்டாவதற்கும் அதிலேயே பதில் வந்துவிடும் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பாவும் ஊடையும்

ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், வந்த முதல் நாளே நேராகக் கேட்டார். "தந்திரம்னா ஏமாத்து வேலைதானேம்மா? நரித் தந்திரம்னுதானே சொல்றோம்?"

நியாயமான கேள்வி. நம் பேச்சில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. 'மந்திர தந்திரம்' என்று சேர்த்துச் சொன்னாலோ, எலுமிச்சம்பழமும் மண்டையோடும் கண்முன் வந்து நிற்கும். வகுப்பில் ஒரு பெரியவர் இருந்தார், குறிஞ்சிப்பாடியில் நாற்பது வருஷம் கைலி நெய்தவர். அவரிடம் கேட்டேன். "ஐயா, தறியில நீளவாக்குல ஓடுற நூலுக்கு என்ன பேரு?"

"பாவும்மா. குறுக்கால போறது ஊடை. பாவு சரியா இல்லன்னா நீ என்ன கலர் ஊடை போட்டாலும் துணி நிக்காது."

வடமொழியில் 'தந்திரம்' என்ற சொல்லின் பழைய பொருள் அந்தப் பாவுதான், தறியும்தான். 'தன்' என்றால் நீட்டு, இழுத்து விரி. அதிலிருந்து 'தந்து', அதாவது நூல். வீணையின் தந்தி அந்தக் குடும்பம். தபால் ஆபீஸில் தந்தி அடித்தோமே, அந்தக் கம்பியும் அதே குடும்பம்தான். இழுத்துக் கட்டிய இழை என்பதிலிருந்து, ஒழுங்காகக் கோத்துச் சொன்ன சாஸ்திரம் என்று பொருள் விரிந்தது. தமிழுக்கு இது புதிதல்ல. நாமும் இழையை நூல் என்கிறோம், புத்தகத்தையும் நூல் என்கிறோம். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கிற பெண்ணாகவும் வைத்து நன்னூல் இதை அழகாக விளக்குகிறது. பஞ்சதந்திரம் என்ற பெயரில் இருப்பதும், திருமூலர் திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் 'தந்திரம்' என்று பெயர் இருப்பதும் இந்தப் பொருளில்தான். ஒரு காரியத்தைச் செய்யும் முறை என்பது உபாயமாகி, உபாயம் சூழ்ச்சியாகித் தேய்ந்த பிறகு நரி வந்து சேர்ந்துகொண்டது.

ஆக, ஆரம்பப் பாடத்துக்கு இது போதும்: தந்திரம் என்பது செய்முறை நூல். எதை எந்த வரிசையில், எந்தக் கையால், எந்த நேரத்தில், எதை நினைத்துச் செய்வது என்று சொல்லும் நூல். அந்த நூல்படி நடக்கிற வழிக்கும் அதே பெயர்.

தாண்டக் கூடாத கயிறு

"எனக்கும் தந்திரத்துக்கும் சம்பந்தம் இல்லம்மா, நான் கோயிலுக்கு மட்டும்தான் போவேன்" என்று சொல்பவர்களுக்கு நான் ஒரு கயிற்றைப் பற்றிச் சொல்வேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் தெருக்கோடிக் கோயிலில் கும்பாபிஷேகம். யாகசாலையில் புகை, நூல் சுற்றிய குடங்கள், மாவிலை, தேங்காய். விடியற்காலை யாக குண்டத்துப் பக்கத்திலிருந்து தர்ப்பைக் கயிறு ஒன்று கிளம்பியது. மண்டபத் தூண்களை ஒட்டி, படியேறி, அர்த்த மண்டபத்தைக் கடந்து, கருவறைக்குள் போய் மூலவரைத் தொட்டது. நான் அந்தப் பக்கம் ஓடப்போக, குருக்கள் மாமா கையை நீட்டித் தடுத்தார். "தாண்டாத பாப்பா. சாமி அது வழியாத்தான் போயிட்டிருக்கு."

அந்தச் சடங்குக்கு நாடி சந்தானம் என்று பெயர். திருப்பணி தொடங்கும்போது மூலவரின் சக்தியைக் குடத்து நீருக்கு மாற்றி வைக்கிறார்கள், அது கலாகர்ஷணம். வேலை முடிந்து, யாகசாலை பூஜைகள் நிறைவடைந்த பிறகு, குண்டத்தில் வளர்த்த ஆற்றல் ஓர் இழை வழியாகத் திரும்பச் சிலைக்குள் செல்கிறது. அதற்குப் பிறகுதான் குடங்களைத் தலையில் சுமந்துகொண்டு விமானத்தின் மேல் ஏறுவார்கள், கீழே நாம் அண்ணாந்து கருடனைத் தேடிக்கொண்டிருப்போம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடிப் பார்க்கிற இந்தக் காட்சி முழுக்க முழுக்கத் தந்திர நூல்களிலிருந்து வருவது. சிலைக்கு அடியில் வைக்கிற எந்திரத் தகடு, குருக்களின் கை முத்திரை, அவர் முணுமுணுக்கும் ஓரெழுத்து மந்திரங்கள், எல்லாமே.

சைவத்தில் அந்த நூல்களுக்கு ஆகமம் என்ற பெயர் நிலைத்துவிட்டதால் நமக்கு உறவு தெரிவதில்லை. காமிகம் தொடங்கி வாதுளம் வரை சிவாகமங்கள் 28. வைணவத்தில் பாஞ்சராத்திரமும் இந்த வகைதான். எல்லாக் கோயிலையும் இதில் சேர்த்துவிடவும் கூடாது. எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் தீட்சிதர்கள், பதஞ்சலி வகுத்ததாகச் சொல்லப்படும் வைதிக முறையில் பூஜை செய்கிறார்கள், ஆகம முறையில் அல்ல.

ஆகமங்களைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் புதுச்சேரியைவிட நல்ல ஊர் இல்லை. கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ழான் ஃபிலியோசா தலைமையில், என்.ஆர். பட் போன்ற பண்டிதர்கள் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் குருக்கள் வீடுகளிலும் பரணில் கிடந்த சுவடிகளைத் தேடிச் சேர்த்தார்கள். பெரும்பாலும் கிரந்த எழுத்தில் எழுதிய ஓலைகள். இந்த நிறுவனத்திலும் இங்குள்ள தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் இருக்கும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. சைவ சித்தாந்தச் சுவடிகளுக்கு உலகிலேயே பெரிய தொகுப்பு இதுதான். யுனெஸ்கோ 2005-ஆம் ஆண்டு உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இன்று கையில் கிடைக்கும் மிகப் பழைய சைவத் தந்திரமான நிசுவாச தத்துவ சங்கிதை நேபாளத்து ஓலையில் பிழைத்துக் கிடந்தது, அதன் ஒரு பகுதியும் 2015-இல் புதுச்சேரியிலிருந்துதான் பதிப்பாக வந்தது. ஓலையை எறும்பும் பூச்சியும் தின்னாமல் காத்த ஒவ்வொருவருக்கும் நான் மனதுக்குள் கும்பிடு போடுவதுண்டு.

தெரிந்தால் மட்டும் போதாது

இனி சொல்லப்போவதுதான் விஷயத்தின் நெஞ்சு.

நமக்குள் ஏதோ ஒன்று மறைந்திருக்கிறது, அதைப் பார்க்க முடியாமல் ஏதோ தடுக்கிறது என்பதைப் பல வழிகளும் ஒப்புக்கொள்கின்றன. தடுப்பது அறியாமை என்றால், அறிவு வந்ததும் விலகிவிட வேண்டும். கயிற்றைப் பாம்பு என்று நினைத்தேன், விளக்கு வந்தது, பயம் போயிற்று. ஆனால் சைவத் தந்திர நூல்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. தடுப்பது ஒரு பொருள் என்கின்றன. அதற்கு மலம் என்று பெயர். கண்ணில் புரை விழுந்தவரிடம் "உங்கள் கண்ணில் புரை இருக்கிறது" என்று எத்தனை தடவை சொன்னாலும் பார்வை வராது. புரையைப் பற்றிப் புத்தகம் முழுக்கப் படித்தாலும் வராது. ஒரு கை வந்து அதை எடுக்க வேண்டும். அந்த நூல்களே காட்டும் உவமை இது. அந்தக் கையின் வேலைக்குப் பெயர்தான் தீட்சை.

தமிழில் இதற்கு இன்னும் நெருக்கமான உவமை உண்டு, செம்பில் களிம்பு. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. செம்பு இருக்கும்போதே அதனோடு இருக்கும் தன்மை, சமயம் பார்த்துப் பச்சையாகப் பூக்கும். ஆணவம் என்கிற மலமும் அப்படித்தான் உயிரோடு கூடவே இருப்பது. திருமூலர் சொல்கிறார்:

களிம்பறுத் தான்எங்கள் கண்ணுதல் நந்தி
களிம்பறுத் தான்அருட் கண்விழிப் பித்துக்
களிம்பணு காத கதிரொளி காட்டிப்
பளிங்கிற் பவளம் பதித்தான் பதியே.

களிம்பை அறுத்தான், அருட்கண்ணைத் திறந்தான், களிம்பு அண்டாத ஒளியைக் காட்டினான், பளிங்கில் பவளத்தைப் பதித்தான். 'அறுத்தான்' என்ற வினையைப் பாருங்கள். விளக்கினான், புரியவைத்தான் என்று பாடவில்லை. கை வேலை செய்கிற சொல். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்ம பல்லவனின் கல்வெட்டும், சைவ சித்தாந்த நெறியில் மலம் முழுவதும் தீர்ந்தவன் என்று அவனைச் சொல்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசன் தன் விருதுகளோடு சேர்த்துப் பொறித்துக்கொண்ட பெருமை அது.

மலம், ஆணவம் என்றதும் இளம்பிள்ளைகள் முகம் வாடிவிடும். அவர்களுக்குக் குள்ளச்சாமியைச் சொல்வேன். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது தெருவில் கண்ட சித்தர். அவர் ஒருநாள் அழுக்குக் கந்தை மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு வர, இதென்ன சாமி என்று பாரதி சிரித்துக் கேட்கிறார். நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே பழங்குப்பை சுமக்கிறாய் என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிறார் சாமி. பாரதியே இதைப் பாட்டில் எழுதி வைத்திருக்கிறார். மலம் என்பதற்கு இதைவிட எளிய உரை எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் என் இரண்டு தொழிலும் பிரிகின்றன. நாவலில் யார் செய்தது என்று தெரிந்த பக்கத்தோடு வாசகர் புத்தகத்தை மூடிவிடலாம். சாதனையில், அதாவது தினசரிப் பயிற்சியில், தெரிந்த பிறகும் காலையில் எழுந்து பாயை விரிக்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம் வரும் என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தெரிந்ததால் அது குறையவில்லை. தினமும் செய்த ஏதோ ஒன்றால்தான் கொஞ்சம் குறைந்தது.

விரல் நுனியிலிருந்து

அந்த 'ஏதோ ஒன்று' எப்படி இருக்கும்? மந்திரம், எந்திரம், முத்திரை, நியாசம் என்று கருவிகள் பல. நான் நியாசத்திலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் பலருக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பது மட்டும் தெரியாது.

வீட்டில் பாட்டி சகஸ்ரநாமம் சொல்வதற்கு முன் விரல்களைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 'அங்குஷ்டாப்யாம் நம:' என்னும்போது ஆள்காட்டி விரல் கட்டைவிரலின் அடியிலிருந்து நுனிவரை வருடிப் போகும். அடுத்து கட்டைவிரல் ஒவ்வொரு விரலாக வருடும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல், சுண்டு விரல். மோதிர விரலுக்கு அங்கே 'அநாமிகா' என்று பெயர், பெயரில்லாதவள். பிறகு உள்ளங்கையும் புறங்கையும். அதற்கடுத்து விரல்கள் நெஞ்சைத் தொடும், தலையை, உச்சியை, குறுக்காகத் தோள்களை, கண்களை. கடைசியில் தலையைச் சுற்றி ஒரு சொடுக்கு, திசைகளைக் கட்டியாயிற்று.

நியாசம் என்றால் வைத்தல். ஒவ்வோர் இடத்திலும் மந்திரத்தின் ஒரு துண்டை வைக்கிறோம். அடகு வைத்த நகையை ஒவ்வொன்றாக மீட்டு வந்து பெட்டியில் அடுக்குவதுபோல, எங்கெங்கோ போன கவனத்தை உடம்பின் ஒவ்வோர் இடத்துக்கும் கூப்பிட்டு வைப்பது. சிவனைப் பூஜிக்கும் முன் சிவனாகு என்பது தந்திரத்தின் அடிப்படை விதி. இந்த உடம்பு அதற்கு இடைஞ்சல் அல்ல, அதுதான் கோயில். 'உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன்' என்று திருமூலர் தன் பழைய எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, உடம்புக்குள்ளே உறுபொருள் கண்டேன் என்று திரும்புகிறார்.

மந்திரம் ஒலியில் செய்வதை எந்திரம் கோட்டில் செய்கிறது. ஸ்ரீசக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கி நான்கு முக்கோணம், கீழ்நோக்கி ஐந்து, ஒன்றையொன்று ஊடுருவி 43 சிறு முக்கோணங்களாக விரியும். சுற்றி எட்டிதழ், பதினாறிதழ், வெளியே சதுர மதில், நடுவில் ஒரு புள்ளி. பார்க்க எளிது, வரைந்து பார்த்தால் தெரியும். இரண்டு கோடு வெட்டும் இடத்துக்குச் சந்தி என்று பெயர். மூன்று கோடு ஒரே புள்ளியில் வெட்டும் இடத்துக்குப் பெயர் மர்மம். ஆம், மர்ம நாவலில் இருக்கிற அதே மர்மம். ஒரு கோடு அரிசி நுனியளவு விலகினாலும் அந்தப் புள்ளி சின்ன முக்கோணமாகப் பிளந்துவிடும், அடுத்தடுத்த மர்மங்களும் பிசகும். நான் முதல் சக்கரத்தைப் பிழையில்லாமல் வரைந்து முடிக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அழித்து அழித்து வரைந்த அந்த மூன்று மாதத்தில் வேறெந்தக் கவலையும் மனதில் நிற்கவில்லை. எந்திரம் எதற்கு என்பதை அன்று கை புரிந்துகொண்டது.

உடம்புக்குள் இருப்பதாகச் சொல்லும் சக்கரங்கள், குண்டலினி என்றுதான் இன்று அதிகம் பேசுகிறார்கள், நான் இதைச் சுருக்கமாகவே சொல்வேன். திருமூலரிடம் இந்தச் சக்கரங்கள் ஆறு ஆதாரங்கள் என்ற பெயரில் உண்டு. இன்று சுவரொட்டிகளில் பார்க்கும் தாமரைப் படங்களின் வழி, பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய வடமொழி நூலுக்குப் போகிறது. காணொளி பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பழகாதீர்கள், மயங்கி விழுந்தவரைக் கண்டிருக்கிறேன்.

மது, மாமிசம், மீன், முத்திரை (இங்கே கை முத்திரை அல்ல, வறுத்த தானியம்), மைதுனம் (உடலுறவு) என்ற ஐந்து 'ம'க்களைப் பற்றியும் கேட்பார்கள். சில மரபுகளில் இருக்கின்றன, சிலர் நேராகச் செய்தார்கள், சிலர் அவற்றுக்குப் பதிலி வைத்தார்கள், சிலர் உட்பொருள் மட்டும் கொண்டார்கள். வசியம், மாரணம் (ஆளைக் கொல்வது) போன்ற கர்மங்களும் நூல்களில் இருக்கின்றன. இல்லை என்று சொன்னால் பொய். என் குருநாதர் அவற்றைச் சொல்லித்தரவில்லை, நானும் தருவதில்லை.

அத்தை வீட்டுத் தகடு

இப்போது அந்தத் தகடு.

எனக்குப் பதினாலு வயது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, தெரு தள்ளிக் குடியிருந்தார். அத்தை மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. யாரோ சொல்லி ஒரு மாந்திரீகர் வந்தார். முதல் நாள் வெற்றிலையில் ஐம்பத்தொரு ரூபாய் வாங்கினார். அடுத்த வாரம் ஐந்நூற்றொன்று. வீட்டில் செய்வினை இருக்கிறது, ஏழு வருஷத்துக்கு முன் புதைத்தது, எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். வெளியே மூச்சு விட்டால் பலிக்காது என்றும் சொன்னார். அத்தையின் இரண்டு வளையல் போயிற்று. ஓர் அமாவாசை ராத்திரி பின்கட்டு நிலைப்படி ஓரம் தோண்டினார். தோளில் ஈரத்துண்டு. குழிக்குள் கையை விட்டு, மண்ணோடு மண்ணாக ஒரு செப்புத் தகட்டை எடுத்தார். கோடுகளும் எழுத்துகளும் கீறியிருந்தன. அத்தை அலறிவிட்டார்.

மறுநாள் அப்பா வந்தார். பாத்திரக்கடையில் வேலை பார்த்தவர், பித்தளையும் செம்பும் அவர் கைக்குப் பேசும். தகட்டைக் கிணற்றடியில் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏக்கா, ஏழு வருஷம் மண்ணுல கெடந்த செம்பு இப்படியா மின்னும்? நம்ம ஊரு உப்புக் காத்துல, பரண்ல வெச்ச குடமே பச்சை பூத்துப் போவுது."

"நீ சும்மா இருடா. கண்ணால பாத்தேன் நானு, குழியிலேர்ந்துதான் எடுத்தாரு."

"குழியிலேர்ந்து எடுத்தாரு. குழியில எப்ப வெச்சாரு?"

அந்த ஈரத்துண்டு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் முதல் கதை அன்று பிறந்தது. இன்றுவரை நான் எழுதிய ஒவ்வொரு நாவலிலும் அப்பாவின் அந்தக் கேள்வி வேறு வேறு வாயில் வந்துகொண்டிருக்கிறது. இல்லாத களிம்புதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. துப்பு என்றால் பழந்தமிழில் பவளமும்தான், 'துப்பார் திருமேனி' என்று பிள்ளையாரைப் பாடுகிறோமே. பளிங்கில் பதித்த பவளத்தைப் படிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

ஏமாற்றுக்காரரும் ரகசியம் என்கிறார், குருவும் ரகசியம் என்கிறார். வித்தியாசம் எப்படித் தெரியும்? சிதம்பரத்தில் நடராசர் பக்கத்தில் திரையை விலக்கிக் காட்டுவார்கள். உள்ளே தங்க வில்வ மாலை தொங்கும், வேறு உருவம் இல்லை, வெளிதான். எல்லாருக்கும் திறந்து காட்டுகிறார்கள், ஆனாலும் அதற்கு ரகசியம் என்றே பெயர். காட்டினாலும் தீராத ரகசியம் அது, பார்ப்பவர் பக்குவத்துக்கு ஏற்ப விரியும். காதில் ஓதும் மந்திரமும் அப்படி, மண்ணுக்குள் விதை இருப்பதுபோல மறைவில் வைக்கிறார்கள். மாந்திரீகரின் ரகசியமோ பணத்தைச் சுற்றிக் கட்டிய வேலி. ஒருநாள் வெளியே வந்தால் முடிந்துபோகும்.

அதனால் வகுப்புக்கு வருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். உங்களைப் பயமுறுத்தி ஆரம்பிக்கிறவர், தொகையை ஏற்றிக்கொண்டே போகிறவர், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வீட்டில் சொல்லக் கூடாது என்கிறவர், இந்த மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த மூன்று கோடும் வெட்டும் இடத்தில்தான் என் நாவல்களின் குற்றங்கள் நடக்கின்றன. தாயத்தாலும் மந்திரத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் வந்துவிட்டது. பணம் பறிபோயிருந்தால் மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கலாம். வெட்கப்பட்டு இருந்துவிடாதீர்கள். அத்தை வெட்கப்பட்டார், வளையல் திரும்பவில்லை.

குற்றத்தோடு புழங்குகிற ஆள் தந்திரத்தைத் தொடலாமா என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். சர் ஜான் உட்ராஃப், 1904 முதல் 1922 வரை கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி. பகலில் வழக்குகள். மற்ற நேரத்தில் அடல் பிஹாரி கோஷ் என்ற வங்காளி நண்பரோடு சேர்ந்து தந்திர நூல்களைப் பதிப்பித்தார். 1913-இல் மகாநிர்வாண தந்திரம் ஆங்கிலத்தில் வந்தபோது அட்டையில் ஆர்தர் அவலான் என்ற புனைபெயர் இருந்தது. நான் மேலே சொன்ன பூர்ணானந்தர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1919-இல் அந்தப் பெயரில்தான் வெளியானது. தந்திரம் என்றாலே முகம் சுளித்த காலத்தில், சாட்சியைச் சாட்சியாகக் கேட்டுப் பழகிய ஒரு நீதிபதி அதற்காக வாதாடினார்.

நாளைக் காலை

தீட்சைக்கு அவசரம் வேண்டாம். சைவத்தில் சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்று படிகள் இருக்கின்றன, உரியவரிடம் உரிய காலத்தில் பெறலாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசையில் சரியைதான் முதல்படி, கோயிலைக் கூட்டுவதும் பூத்தொடுப்பதும் விளக்கேற்றுவதும். அதனால் என் வகுப்பில் முதல் பாடம் புளி.

எலுமிச்சை அளவு பழம்புளியைத் தண்ணீரில் ஊறவையுங்கள், ஒரு சிட்டிகை கல்லுப்பு. செம்புச் சொம்பைக் கழுத்திலிருந்து கீழாகத் தேயுங்கள். விளிம்பு மடிப்பில் பச்சை ஒளிந்திருக்கும், கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்துச் சதையால் தேய்த்தால்தான் போகும். புளி கறுக்கும், செம்பு மெல்ல ரோஜா நிறத்துக்கு வரும். கழுவித் துடைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அதன் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். மூச்சை ஒன்றும் செய்யாதீர்கள், போகிறது வருகிறது என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த தெய்வத்தின் பெயர் ஒன்று போதும், முதல் மண்டலத்துக்கு வேறு மந்திரம் தேவையில்லை. வெள்ளிக்கிழமை சொம்பு மறுபடி மங்கியிருக்கும். மறுபடி புளி ஊறவையுங்கள்.

அத்தை காலமான பிறகு அந்தத் தகடு என்னிடம் வந்தது. சமையலறை அலமாரியில் கிடந்து, கடல் காற்றில் அதுவும் முழுக்கப் பச்சை பூத்துவிட்டது. ஒரு ஞாயிறு ஷேர் ஆட்டோ தம்பி அதைக் கையிலெடுத்து, "இதையும் தேய்க்கவாம்மா?" என்றார். தேய்க்கச் சொன்னேன். பச்சை போகப் போக, ஆணியால் கீறிய முக்கோணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவர் போன வாரம்தான் காகிதத்தில் சக்கரம் வரைந்து பழகியிருந்தார். தகட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, ஈர விரலால் ஒரு கோட்டைத் தொடர்ந்து போனார். விரல் நின்றது.

"அம்மா, இங்க மூணு கோடும் சேரவே இல்லியேம்மா."